கடை முதலாளிக்கு நெஞ்சைப் பிளந்து பார்க்கும் உரிமை உண்டா?



வீரசோழனைச் சுற்றியுள்ள நிலம் வானம் பார்த்த பூமி என்பது நாம் அனைவரும் அறிந்ததே. கண்மாய் பெருகிய ஆண்டில் நெல்லும் மிளகாயும் கண்ணில் படும். பெருகாத ஆண்டில் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும்தாம். ஆகவே நம் பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு பெட்டியைக் கட்டுகின்றனர். மதுரை, கோவை, சென்னை என்று ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் கைப்பேசிக் கடைகளிலும் மருந்துக் கிடங்குகளிலும் நின்று பிழைக்கின்றனர். போடுவதற்கு முதல் இல்லாத அந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் ஒரே முதல் நாணயம். இந்த ஊர்ப் பிள்ளையை நம்பிக் கல்லாவில் உட்கார வைக்கலாம் என்று ஒரு முதலாளி இன்னொரு முதலாளியிடம் சொல்லும் சொல்தான் அவர்களது சிபாரிசுக் கடிதம்.

அந்த முதலின் மீதே கைவைக்கும் ஒரு வழக்கம் இப்போது தலைதூக்கியுள்ளது. இருப்புக் கணக்கில் குறைவு வந்தால், அந்தப் பிரிவில் நின்ற ஊழியர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி, 'உண்மை கண்டறியும் சோதனைக்கு வா' என்று அழைப்பதே அவ்வழக்கம். பாலிகிராஃப் என்னும் கருவியைக் கூலிக்குக் கொண்டுவந்து இயக்கித் தரும் தனியார் நிலையங்களும் நம் நாட்டு நகரங்களில் உள்ளன.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். மாநகரொன்றில் பெரிய கடை. பெயர் இங்கே தேவையில்லை. சரக்கில் குறைவு கண்டதும், அந்தத் தளத்தில் இருந்த நால்வரையும் மேலாளர் அறைக்கு அழைத்துத் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினர். முழு மனச் சம்மதத்துடன் சோதனைக்கு உட்படுவதாகவும், முடிவு எதுவாயினும் நிர்வாகத்தின் நடவடிக்கைக்குக் கட்டுப்படுவதாகவும் அதில் எழுதியிருந்தது. கையொப்பமிட மறுப்பவனே எடுத்தவன் என்று கொள்வோம் என்பதும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பிள்ளை தந்தைக்குத் தொலைபேசியில் சொல்ல, தந்தை அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், கையெழுத்துப் போடச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா?" என்று கேட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டு, "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு? போட்டுவிட்டுப் போகட்டும்" என்றார்.

பிள்ளை கையொப்பமிடவில்லை. மறுநாள் வேலை போயிற்று. அந்த மாதச் சம்பளமும் நிறுத்தப்பட்டது. அவர் ஊர் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பேசி முடித்திருந்த நிக்காஹ் பேச்சில் பெண் வீட்டார் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்றனர். திருட்டை எவரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க முயலவும் இல்லை. முதலாளியைக் காட்டிலும் அந்தப் பெரியவரின் பழமொழிக்கு மறுப்புரைப்பதே நமக்கு அவசரமாகத் தோன்றுகிறது. ஏனெனில் அப்பழமொழி நம் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை அறிவோம். மார்பில் ஒரு பட்டை, கையில் இரத்த அழுத்தம் அளக்கும் பட்டை, விரல்களில் சிறு தகடுகள். மூச்சின் போக்கு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், தோலில் கசியும் வியர்வையால் மாறும் மின்கடத்தல் ஆகியவற்றை அது பதிகிறது. அவ்வளவே. பொய் என்று ஒன்றை அளக்கும் பகுதி அதில் கிடையாது. பொய் சொன்னால் உடல் பதறும், பதறினால் பொய் என்று ஓர் ஊகத்தை மனிதன்தான் அதன் மேல் ஏற்றி வைக்கிறான். அச்சம், வெட்கம், சினம், அவமானம், இரவெல்லாம் உறங்காமை, சர்க்கரை நோய் என எது பதற வைத்தது என்பதைக் கருவி அறியாது. மடியில் கனம் இல்லாதவனுக்கும் வழியில் பயம் வரும், ஐயா. வழியில் நிற்பவன் கையில் தடி இருந்தால் வரும். அவன் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தால் நிச்சயம் வரும்.

கேள்வி கேட்கும் முறை இன்னும் கவனிக்கத் தக்கது. பரவலாகக் கையாளப்படும் முறையில், 'கடையிலிருந்து இந்தப் பொருளை எடுத்தாயா?' என்ற கேள்விக்கு இடையே, 'வாழ்நாளில் என்றேனும் பிறர் பொருளை எடுத்ததுண்டா?' என்பது போன்ற பொதுக் கேள்விகளையும் வைப்பார்கள். சிறுவயதில் பக்கத்துத் தோப்பில் மாங்காய் பறித்தவர் யார்தான் இல்லை? ஆயினும் அதற்கு 'இல்லை' என்று பதில் சொல்லும்படி பேச்சை முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். குற்றமற்றவர் இந்தப் பொதுக் கேள்விக்கே அதிகம் பதறுவார், குற்றவாளி கடைக் கேள்விக்கே அதிகம் பதறுவார் என்பது அவர்கள் கணக்கு. வேலை போகுமோ, மானம் போகுமோ என்று நடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கேள்வி நெஞ்சை அடைக்கும் என்பதை வாசகர்களே கூறுங்கள். இதற்கும் மேலாக, கருவி ஒருபோதும் பிழை செய்யாது என்று சோதனைக்கு உட்படுபவரை நம்பவைப்பதும் அம்முறையின் ஒரு பகுதி. உண்மையைத் தேடுவதாகச் சொல்லும் சோதனை, சோதிப்பவரின் ஒரு பொய்யில் தொடங்குகிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு 2003-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அதிலுள்ள ஒரு கணக்கு: 10,000 பேர் பணிபுரியும் இடத்தில் 10 ஒற்றர்கள் இருப்பதாகக் கொள்வோம். பெரும்பாலான ஒற்றர்களைப் பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக வைத்தால் 8 ஒற்றர்கள் சிக்குவர். அவர்களுடன் ஏறத்தாழ 1,600 அப்பாவிகளும் சிக்குவர். கருவி ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது! நம் கடைக்கணக்காகவே பார்க்கலாம். 1,000 ஊழியர், அவர்களுள் 10 பேர் திருடர், கருவி 100-க்கு 90 முறை சரி என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். திருடர் 9 பேர் பிடிபடுவர். மீதி 990 நேர்மையாளருள் 99 பேர் மீதும் முத்திரை விழும். ஆக 'சோதனையில் தோற்றவர்' என்று கடை வாசலில் நிற்கும் 108 பேரில் 99 பேர் குற்றமற்றவர்கள்.

தேர்ந்த கயவனோ தப்பித்துவிடுகிறான். அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-இலும் 1991-இலும் இச்சோதனையில் தேறியவர், 1994-இல்தான் கைதானார். பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-இல் இதில் தேறி வெளியே நடந்தவர். அவரை 2001-இல் கைதுசெய்ய உதவியது மரபணுச் சான்று. இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று தொடக்கத்தில் முழங்கியவர்களுள் ஒருவரான வில்லியம் மார்ஸ்டன், பின்னாளில் 'வொண்டர் வுமன்' என்னும் சித்திரக்கதை நாயகியைப் படைத்தவர். அந்த நாயகியின் கயிற்றில் கட்டுண்டவர் உண்மையைத் தவிர வேறு பேச முடியாதாம். சித்திரக்கதையில் அது நடக்கும். அவர் செய்த சோதனையை அமெரிக்க நீதிமன்றம் 1923-லேயே சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது.

நம் பகுதிகளில் மூதாதையர் காலத்தில் களவு போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். சந்தேகப்பட்டவர்கள் வாயில் மந்திரித்த அரிசியை இட்டு மெல்லச் சொல்வார்கள். எவன் வாய் உலர்ந்து அரிசி உலராக வெளியே வருகிறதோ அவனே கள்வன். அச்சத்தில் வாய் உலரும் என்பது உண்மை. ஆனால் அச்சப்பட்டவனெல்லாம் கள்வன் என்பதுதான் பொய். அரிசிக்குப் பதில் மின்கம்பி வந்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. களவு போன பொருள் இருக்குமிடத்தையும் எடுத்தவரையும் அறிவதாகக் கூறுபவனையே 'அர்ராஃப்' என்று இமாம் பஃகவீ (ரஹ்) போன்றோர் விளக்கினர். அவனிடம் சென்று கேட்பவரின் தொழுகை 40 நாள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிம் நூலில் உள்ளது. பாலிகிராஃப் கருவியைச் சூனியம் என்று நாம் சொல்ல வரவில்லை. நாடியை அளப்பது மருத்துவமும் செய்கிற வேலை. அந்த அளவை வைத்துக்கொண்டு 'இன்னார் உள்ளத்தில் இன்னது உண்டு' என்று தீர்ப்புரைக்கத் துணிகிறார்களே, அந்தத் துணிச்சலைத்தான் சொல்கிறோம்.

சட்டம் என்ன கூறுகிறது?

2010 மே 5 அன்று நம் உச்ச நீதிமன்றம் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் அவர்களும் நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஜே.எம். பஞ்சால் ஆகியோரும் அமர்ந்த அமர்வு அது. மயக்க மருந்து செலுத்தி விசாரிப்பது, மூளை அலைகளைப் பதிவது, பாலிகிராஃப் ஆகிய மூன்றையும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்வது, தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3)-ஆம் உறுப்புக்கும், உயிர் வாழ்வும் தனிமனிதச் சுதந்திரமும் பற்றிய 21-ஆம் உறுப்புக்கும் முரண் என்று அது அறிவித்தது. மௌனம் காக்கவும் பேசவும் மனிதனுக்குள்ள உரிமையை, மனத்தின் அந்தரங்கமாக அத்தீர்ப்பு கண்டது.

முதலாளிகள் பக்கம் பேசுவோர் இங்கே ஒரு வாதம் வைப்பர். "அது காவல்துறைக்குச் சொன்ன தீர்ப்பு, நாங்கள் தனியார், எங்களை அது கட்டுப்படுத்தாது" என்பர். தீர்ப்பைப் படித்தவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். குற்ற வழக்கு விசாரணையிலாயினும் வேறெந்தச் சூழலிலாயினும் எவரையும் இச்சோதனைகளுக்கு வலிந்து உட்படுத்தக் கூடாது என்றே அது கூறுகிறது. 'வேறெந்தச் சூழல்' என்பதற்குள் ஜவுளிக் கடையின் மேலாளர் அறை அடங்காதா? அது கிடக்கட்டும். கைது செய்யவும் சோதனையிடவும் சட்டம் அதிகாரம் தந்துள்ள காவல்துறையே செய்யக் கூடாத ஒன்றை, எந்த அதிகாரமும் தரப்படாத கடைக்காரர் எங்கிருந்து பெற்றார்?

காவல்துறைக்கு உள்ள நிபந்தனைகளைக் கேளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டு வகுத்து, உச்ச நீதிமன்றமும் பின்பற்றச் சொன்ன நெறிமுறைகள் அவை. சம்மதமின்றிச் சோதனை கூடாது. சம்மதிப்பவருக்கு வழக்கறிஞரின் துணை வேண்டும். உடல், மனம், சட்டம் ஆகிய மூவகை விளைவுகளும் அவருக்கு விளக்கப்பட வேண்டும். சம்மதம் நீதித்துறை நடுவர் முன்னிலையில் பதிவாக வேண்டும். சோதனையைச் சார்பற்ற அமைப்பு ஒன்று வழக்கறிஞர் முன்னிலையில் நடத்த வேண்டும். இத்தனைக்குப் பின்னும் அதில் சொன்னது குற்ற ஒப்புதல் ஆகாது. அப்படிச் சம்மதித்துச் செய்த சோதனையால் புதிதாகப் பொருளோ தடயமோ கண்டெடுக்கப்பட்டால் மட்டும் அக்கண்டெடுப்பைச் சான்றாகக் கொள்ள இடமுண்டு.

2012 மார்ச் 29 அன்று திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கை நம் மாநிலத்தார் அறிவர். அமைச்சராக இருந்த ஒருவரின் தம்பி கொலையான வழக்கு. அதில்கூடக் காவல்துறை நீதிமன்றத்தை அணுகித்தான் சோதனைக்கு அனுமதி கேட்டது. சம்மதம் தெரிவித்த 12 பேருக்கு மட்டுமே சோதனை நடந்தது. மறுத்தவரை எவரும் இழுத்துச் சென்று நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. சோதனை முடிந்தவுடன் கொலையாளி இன்னாரென்று வெளிச்சமாகிவிடவும் இல்லை. 2025 மே மாதம் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 13 பவுன் தங்கம் காணாமற்போய், கோயில் வளாகத்து மணலிலேயே கிடைத்தது. அதுவும் ஒரு பணியிட விவகாரமே. ஊழியர்கள் சிலரைச் சோதிக்கக் காவல்துறை நீதிமன்றத்தின் படியேறியது. நம் ஊர்ப் பிள்ளை நின்ற கடையிலோ, எந்த நீதிமன்றமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மிரட்டல்.

அந்தத் தாளில் உள்ள 'முழு மனச் சம்மதம்' என்னும் சொற்களுக்கு மதிப்பில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் மனத்தை ஆட்டிப்படைக்கும் நிலையில் உள்ளவர் அந்நிலையைப் பயன்படுத்திப் பெற்ற சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்வதில்லை. நம் ஃபிக்ஹ் நூல்களில் 'இக்ராஹ்' என்னும் தலைப்பு எதற்கு உள்ளது? நிர்ப்பந்திக்கப்பட்டவன் சொல்லும் சொல்லுக்கும் இடும் கையொப்பத்துக்கும் அவனைப் பொறுப்பாக்க முடியுமா என்று ஆராயத்தானே?

அமெரிக்காவில் இதற்கெனத் தனிச்சட்டமே உண்டு. 1988-இல் இயற்றிய ஊழியர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டம், பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியரையோ வேலைக்கு விண்ணப்பிப்பவரையோ இச்சோதனைக்கு அழைப்பதையே தடுக்கிறது. பொருள் இழப்பு பற்றிய குறிப்பிட்ட விசாரணை போன்ற சில விலக்குகள் உண்டு. அங்கும் மறுத்தார் என்பதை மட்டும் காரணமாக்கி வேலையை விட்டு நீக்க முடியாது. நம் நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லாதது பெருங்குறை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பின் பொருட்டும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கும் பொருட்டும் ஊழியரின் தரவைத் தனிச் சம்மதமின்றிக் கையாளலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நாடித்துடிப்பும் வியர்வையும் அந்த வாசல் வழியே 'தரவு' என்ற பெயரில் நுழையும் நாள் தொலைவில் இல்லை என்பதே நம் அச்சம்.

ஆயினும் கையில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, 6 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஊழியரைத் தக்க காரணமின்றியும், 1 மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்க முடியாது என்கிறது. ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டி முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால், அதற்கென விசாரணை நடத்தி, அதில் பதிவான போதிய சாட்சியத்தால் குற்றம் நிலைபெற வேண்டும். நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நாள் முழுதும் நிற்கும் ஊழியர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் இச்சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்க. இருக்கையைத் தானாகத் தராதவர்கள் நீதியைத் தானாகத் தருவார்கள் என்று காத்திருப்பது வீண். அறையில் பூட்டி வைத்து விசாரித்தால் அது சட்டவிரோத அடைப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஊரெங்கும் திருடன் என்று பரப்பினால் 356-ஆம் பிரிவின்படி அவதூறு.

மார்க்கத்தின் தராசு

நம் மார்க்கம் களவை இலேசாக எண்ணுகிறது என்று எவரும் கருத வேண்டாம். அமானிதத்தில் கைவைப்பவன் நயவஞ்சகத்தின் அடையாளத்தைச் சுமக்கிறான். முதலாளியின் பொருளும் முஸ்லிமின் உயிரைப்போல் புனிதமானதே. ஆனால் களவு எத்தனை பெரிய குற்றமோ, செய்யாதவன் மீது அதைச் சுமத்துவதும் அத்தனை பெரிய குற்றம். அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 112 வரையுள்ள வசனங்களை மீண்டும் ஓதிப் பாருங்கள். மதீனாவில் ஆயுதங்கள் களவு போயின. எடுத்தவர்கள் வேறொருவர் மீது பழியைத் திருப்பினர். தஃப்ஸீர் நூல்களில் உள்ள ஓர் அறிவிப்பின்படி, பழி சுமத்தப்பட்டவர் யூதர். பழி சுமத்தியவர்களோ முஸ்லிம்கள் என்று அறியப்பட்டவர்கள்; அவர்களுக்காகப் பரிந்து பேச அவர்கள் குலமே திரண்டது. அல்லாஹ் வஹீ இறக்கி அந்த அப்பாவியை விடுவித்தான். தான் செய்ததைக் குற்றமற்றவன் தலையில் கட்டுபவன் அவதூற்றையும் பகிரங்கப் பாவத்தையும் சுமக்கிறான் என்பது 112-ஆம் வசனத்தின் கருத்து. 'நம்மவர், பிறர்' என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

வீட்டு வேலையாளைச் சந்தேகிப்பவர்கள் புகாரி நூலில் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் கருப்பினப் பெண்ணின் நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும். ஓர் அரபுக் குலத்தாரிடம் இருந்த பணிப்பெண் அவர். அவ்வீட்டுச் சிறுமியின் சிவப்புத் தோல் அணி காணாமற்போயிற்று. இவர்மேல் பழி விழுந்தது. அவர் உடலின் மறைவிடம் வரை சோதனையிட்டனர். அந்த வேளையில் பருந்தொன்று பறந்து வந்து அந்த அணியை அவர்கள் நடுவே போட்டது. இறைச்சித் துண்டு என்று எண்ணி அதுதான் தூக்கிச் சென்றிருந்தது. அப்பெண் அங்கிருந்து வெளியேறி, அல்லாஹ்வின் தூதரிடம் வந்து இஸ்லாத்தைத் தழுவினார். மஸ்ஜிதுக்குள்ளேயே அவருக்கு ஒரு கூடாரம் இருந்தது. சந்தேகத்தால் விரட்டப்பட்டவருக்கு நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்படி விரட்டப்பட்டு வந்த பிள்ளைக்கு நம் மஹல்லாவில் கிடைத்தது பழமொழி.

இன்னும் நேரடியான சான்று அபூதாவூத், நஸாஈ நூல்களில் உள்ளது. கலாஃ குலத்தார் சிலரின் பொருள் களவு போனது. அவர்கள் நெசவாளர் சிலர்மேல் குற்றஞ்சாட்டி நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களிடம் கொண்டுவந்தனர். (அருப்புக்கோட்டைத் தறிகளை அறிந்த நமக்கு, நெசவாளர் என்ற சொல்லைப் படிக்கையில் மனம் சற்று நின்றுவிடுகிறது. பழி எப்போதும் எளிய தொழிலாளர் வீட்டு வாசலையே முதலில் தட்டும் போலும்.) நுஃமான் (ரழி) அவர்களைச் சில நாள் தடுத்து வைத்துப் பின் விட்டுவிட்டார். குற்றஞ்சாட்டியவர்கள் வந்து, அடியும் இல்லை, 'இம்திஹான்' என்னும் சோதனையும் இல்லை, சும்மா விட்டுவிட்டீரே என்று முறையிட்டனர். ஆம், சோதனை என்ற சொல் அங்கேயே இருக்கிறது! அதற்கு அந்த நபித்தோழர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன், உங்கள் பொருள் வெளிப்பட்டால் சரி, வெளிப்படாவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அளவு அடி உங்கள் முதுகிலும் விழும். இது உமது தீர்ப்பா என்று அவர்கள் கேட்க, அல்லாஹ்வுடையதும் அவன் தூதருடையதுமான தீர்ப்பு என்றார்.

வாதிடுபவர்மீதே சான்றின் பொறுப்பு, மறுப்பவர்மீது சத்தியம் என்பது நம் நீதிமுறையின் அடித்தளம். கலிமா சொன்னவனை, அச்சத்தால் சொன்னான் என்று கருதிக் கொன்ற உஸாமா (ரழி) அவர்களிடம், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். தாமும் மனிதரே, செவியுறுவதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். வஹீ வந்த இல்லத்திலேயே நெஞ்சுக்குள் பார்க்கும் உரிமை கோரப்படவில்லை. மூன்றாம் மாடியில் உள்ள மேலாளருக்கு அது எப்படி வந்தது?

மார்க்கக் கல்வி கற்ற சிலர் இங்கே குறுக்கிடக்கூடும். சூழ்நிலைச் சான்றுகளை ஏற்கலாம் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'அத்துருக்குல் ஹுக்மிய்யா'வில் எழுதியுள்ளார்களே. யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே அவர்களது தூய்மைக்குச் சான்றாயிற்றே என்பார்கள். உண்மை. ஆனால் கிழிந்த சட்டை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. எவரும் எடுத்துப் பார்க்கலாம். அது தன் கதையைத் தானே சொன்னது. காகிதத்தில் நெளியும் கோடு அப்படிப்பட்டதா? அதைப் படித்துச் சொல்பவர் முதலாளியிடம் கூலி பெறுபவர். அதே அத்தியாயத்தில் புன்யாமீனின் மூட்டையிலிருந்து அளவைக் கிண்ணமே எடுக்கப்பட்டது. அப்போதும் அவர் திருடவில்லை. கைப்பொருளே கிடைத்தும் முடிவுக்கு வர முடியாத உலகில் நாடித்துடிப்பை வைத்து முடிவு கட்டுவதா? கெட்டவர் என்று பெயரெடுத்த சந்தேக நபரைக் கடுமையாக விசாரிக்கலாம் என்று சில அறிஞர்கள் சொன்னதும் ஆட்சியாளருக்கும் காழீக்கும் சொன்னதே. கடைக்காரருக்குச் சொன்னதன்று.

நம் சமுதாய வணிகர்களுக்கு ஒரு சொல். அல்ஹம்துலில்லாஹ், சென்னை முதல் கோலாலம்பூர் வரை கடை வைத்திருப்போர் நம்மில் உண்டு. இந்த வழக்கம் அயலார் கடைகளில் மட்டும் இருப்பதாக நாம் நடிக்க முடியாது. இருப்புக் குறைந்தால் இருப்பை எண்ணுங்கள், பில்லைச் சரிபாருங்கள், கேமரா பதிவைப் பாருங்கள், சரக்கு இறக்கும் இடத்திலேயே எண்ணிக்கை தவறியதா என்று பாருங்கள். இவை எல்லாம் செய்தபின் ஒருவர்மேல் ஆதாரம் கிடைத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சட்டம் தடுக்கவில்லை, மார்க்கமும் தடுக்கவில்லை. ஆதாரம் இல்லையெனில் சம்பளத்தைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் குத்ஸியை வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை மறப்பது வியாபார உத்தியாகாது.

இத்தகைய தாள் நீட்டப்படும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது சிலவே. அவசரப்பட்டு எதிலும் கையொப்பமிடாதீர்கள். வெற்றுத் தாளிலும் முத்திரைத் தாளிலும் அறவே வேண்டாம். 'குற்றச்சாட்டை எழுத்தில் தாருங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தாளின் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும்; வேலை போன பின் அவை கிடைக்காது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுச் செய்யத் தாமதிக்காதீர்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் தொழிலாளருக்கும் வருமானம் குறைந்தோருக்கும் அது இலவச உதவி தருகிறது. நகைக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் நிற்கும் நம் சகோதரிகளை ஆண்கள் சோதனையிடவோ தனியறையில் விசாரிக்கவோ கூடாது என்பதைத் தாய்மார் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்துள்ளோம். வெளியூர்க் கடையில் பழி சுமத்தப்பட்டுத் திரும்பும் பிள்ளை எந்த ஊரைச் சேர்ந்தவராயினும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், அவர் தந்தையுடன் தொழிலாளர் அலுவலகம் வரை சென்றுவர விவரமறிந்த இருவரை ஜமாஅத் நியமிக்க வேண்டும். இரண்டாவதாக, நுஃமான் (ரழி) அவர்களின் தீர்ப்பை அடியொற்றி ஒரு மறு ஒப்பந்தத் தாளையும் தயாரித்து வைக்க வேண்டும். கருவி தவறு செய்தது பின்னர் தெரியவந்தால், பிடித்த சம்பளத்தைப் போல் 10 மடங்கும் ஊழியரின் ஊருக்கே வந்து ஜும்ஆவுக்குப் பின் பகிரங்க மன்னிப்பும் தருவதாக முதலாளி ஒப்பமிடும் தாள் அது. சோதனைத் தாளை நீட்டும் மேலாளரிடம், நம் பிள்ளைகள் முதலில் இதை நீட்டட்டும். அதில் முதலாளி கையொப்பமிடுகிறாரா என்று பார்ப்போம்.